நிருபமாவை நம்ம ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கோயமுத்தூரில் யாரிடமாவது, "நம்ம ஊர் விளையாட்டுக்காரங்க ஒருத்தர் பேரைச் சொல்லுங்க" என்று கேட்டால் முதலில் வருவது நரேன் கார்த்திகேயன் பெயர்தான். அதில் தப்பே இல்லை. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியர் அவர். ஆனால் அதற்கு ஏழு வருஷம் முன்பே, இதே ஊரில் பிறந்த ஒரு பெண், தன் விளையாட்டில் அதே அளவு பெரிய ஒரு கதவைத் திறந்துவிட்டிருந்தார். அவர் பெயரை டென்னிஸ் ஆடுகிற பிள்ளைகளிடம் கேட்டால்கூடப் பாதிப் பேர் விழிக்கிறார்கள். எனக்கு இது ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

நிருபமா வைத்தியநாதன். கல்யாணத்துக்குப் பிறகு நிருபமா சஞ்சீவ். 1976 டிசம்பரில் கோவையில் பிறந்தவர். 1998 ஜனவரியில் மெல்பர்னில் நடந்த ஆஸ்திரேலியன் ஓப்பனில், ஒற்றையர் பிரதானச் சுற்றின் முதல் ஆட்டத்தில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியைத் தோற்கடித்தார். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் வாசல் திறந்த 1968-க்குப் பிறகான டென்னிஸில், கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் ஓர் ஆட்டம் ஜெயித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். 1968-க்கு முன்னால் என்று தேடினால் 1934 நினைவுக்கு வருகிறது. அந்த வருஷம் லீலா ராவ் விம்பிள்டனில் ஓர் ஆட்டம் ஜெயித்தார். நடுவில் அறுபத்து நான்கு வருஷம்.

"ஒரே ஒரு ரவுண்டு தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் டிராவில் 128 இடங்கள். உலக ரேங்கிங்கில் ஏறக்குறைய முதல் நூறு பேருக்கு நேரடி இடம். மிச்சத்தில் சில இடங்கள் போட்டி நடத்துகிறவர்கள் விருப்பப்படி கொடுப்பது. சில இடங்கள் தகுதிச்சுற்றில் வரிசையாக மூன்று ஆட்டம் ஜெயித்து வருகிறவர்களுக்கு. நிருபமாவின் மிக உயர்ந்த ஒற்றையர் ரேங்கிங் 134. அந்த எண்ணை எட்ட வருஷம் பூராவும் நாடு நாடாகப் போய் ஆட வேண்டும். அன்றைக்கு அடிமட்டத்தில் இருந்த மகளிர் போட்டிகளில் மொத்தப் பரிசே 10,000 டாலர். பட்டம் வென்றாலே கைக்கு வருவது சுமார் 1,600 டாலர்தான். முதல் ரவுண்டில் தோற்றால் அந்த வாரச் சாப்பாட்டுச் செலவுக்குக்கூடக் காணாது. விமானச் செலவு, தங்கும் செலவு, மட்டைக்கு நரம்பு கட்டும் செலவு எல்லாம் சொந்தக் கைக்காசு. கூடக் கோச்சை அழைத்துக்கொண்டு போவதெல்லாம் பணக்கார நாட்டுப் பிள்ளைகளுக்கு. நம் பெண்கள் பெரும்பாலும் தனியாகத்தான் போனார்கள்.

அப்படித் தனியாகப் போய் எதிராளியை நோட்டம் பார்த்து, தோற்ற ராத்திரி தானே தன்னைத் தேற்றிக்கொண்டு, மறுநாள் காலையில் தானே பயிற்சிக்கு ஆள் தேடி, அடுத்த ஊருக்கு ரயில் ஏறி, இவ்வளவையும் செய்து 134-க்கு வந்தவர் மெல்பர்னில் ஓர் ஆட்டம் ஜெயித்தார் என்றால் அது "ஒரே ஒரு ரவுண்டு" இல்லை.

அவருக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்தது அப்பா. கே.எஸ். வைத்தியநாதன், தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கோப்பை ஆடிய கிரிக்கெட்காரர். கிரிக்கெட்காரர் மகளுக்கு டென்னிஸ் கற்றுக்கொடுத்தார் என்பது கேட்கப் புதுசாக இருக்கலாம். ஆனால் இந்திய டென்னிஸின் சரித்திரமே வீட்டுக்குள் நடந்த பயிற்சிதான். 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி வரை போன ராமநாதன் கிருஷ்ணனுக்குக் குரு அவர் அப்பா டி.கே. ராமநாதன். கிருஷ்ணன் தன் மகன் ரமேஷுக்குக் குரு. சானியா மிர்சாவுக்கு அப்பா இம்ரான் மிர்சா. நம் நாட்டில் டென்னிஸ் கோச் என்பது முதலில் ஒரு தொழிலாக உருவாகவில்லை. பெற்றவர்களின் பிடிவாதமாகத்தான் உருவானது. அந்தப் பிடிவாதம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு எவ்வளவு திறமை இருந்தாலும் வழி கிடையாது.

இன்னொரு விஷயமும் இங்கே சொல்ல வேண்டும். எண்பதுகளின் நடுவில் சென்னையில் பிரிட்டானியா அமிர்தராஜ் டென்னிஸ் அகாடமி ஆரம்பமானது. லியாண்டர் பயஸ் அங்கே வளர்ந்து 1990-ல் ஜூனியர் விம்பிள்டன் ஜெயித்தார். தங்க இடம், சாப்பாடு, கோச், வெளிநாட்டுப் பயணம் என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ். அது பையன்களுக்கான இடம். அதே வருஷங்களில் கோவையில் வளர்ந்துகொண்டிருந்த ஒரு பெண்பிள்ளைக்கு அப்படி ஒரு கூரை இல்லை. அப்பா இருந்தார், மண் கோர்ட் இருந்தது. அதை வைத்துக்கொண்டு பதினான்கு வயதில் தேசிய மகளிர் பட்டத்தை வென்றார். தன்னைவிட ஐந்து வயது, பத்து வயது மூத்தவர்களை ஜெயித்து.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1998 டிசம்பர் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மகேஷ் பூபதியுடன் கலப்பு இரட்டையர் வெண்கலம். 2000 சிட்னி ஒலிம்பிக்ஸில் மனிஷா மல்ஹோத்ராவுடன் இரட்டையர் ஆட்டம். பிறகு ஓய்வு, கல்யாணம், அமெரிக்கா. குழந்தை பெற்ற பிறகு 2010-ல், முப்பத்து மூன்று வயதில், மறுபடியும் மட்டையை எடுத்து டெல்லி காமன்வெல்த் போட்டிக்கு இந்திய அணியில் இடம் பிடித்தார். சுருக்கமாகச் சொன்னேனே தவிர, அந்தக் கடைசி வரி சாதாரணமானது இல்லை. பல வருஷம் போட்டி ஆடாத உடம்பை மறுபடி தேசிய அணிக்குத் தயார் செய்வது என்ன வேலை என்று விளையாடியவர்களுக்குத் தெரியும்.

இப்போது அவர் கலிபோர்னியாவில், சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில், நிரூஸ் டென்னிஸ் அகாடமி நடத்துகிறார். கோச். என்னைக் கேட்டால் அவருடைய வாழ்க்கையில் நாம் அதிகம் பேச வேண்டியது இந்தப் பகுதியைத்தான். 2013-ல் 'மூன்பாலர்' என்று ஒரு சுயசரிதையும் எழுதியிருக்கிறார்.

மூன்பால் என்றால் என்னவென்று டென்னிஸ் பழக்கமில்லாதவர்களுக்குச் சொல்கிறேன். பந்தை வலைக்கு மேலே ரொம்ப உயரமாக, நல்ல சுழற்சியோடு தூக்கி, எதிராளியின் கோர்ட்டில் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் விழ வைப்பது. விழுந்த பந்து தோளுக்கு மேலே எகிறும். மண் கோர்ட்டில் இன்னும் உயரமாக எகிறும். எதிரே நிற்பது பத்து வயதுப் பிள்ளை என்றால் அந்தப் பந்து தலைக்கு மேலே போய்விடும். பின்னாலேயே ஓடி ஓடி, கடைசியில் வலையில் அடித்துவிடும். பொறுமையாகத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருக்கிற பிள்ளை ஜெயிக்கும். பத்து வயது, பன்னிரண்டு வயதுப் போட்டிகளில் பாதிக் கோப்பைகள் இப்படித்தான் வீட்டுக்குப் போகின்றன.

கோச்சின் வேலை ஆரம்பிப்பது அங்கேதான். ஜெயிக்கிற பிள்ளையின் ஆட்டத்தை மாற்றச் சொல்ல வேண்டும். கோர்ட் ஓரத்து பெஞ்சில் இப்படி ஒரு பேச்சை நானே கேட்டிருக்கிறேன்.

"ஏனுங்க சார், எம் பொண்ணு ஜெயிச்சுட்டுதானுங்களே இருக்கறா? எதுக்கு இப்ப ஆட்டத்தை மாத்தோணும்ங்கறீங்க?"

"இப்ப ஜெயிக்கறா, சரிங்கக்கா. பதினாலு வயசுல எதுக்க நிக்கறவ அஞ்சே முக்கால் அடி இருப்பா. இந்தப் பந்தெல்லாம் அவளுக்கு இடுப்புக்கு வரும். அப்ப என்ன பண்றது?"

அந்த அம்மாவுக்குக் கோபம் வந்தது நியாயம். கோச் சொன்னதும் நியாயம். ஆட்டத்தை மாற்றினால் ஆறு மாசம், ஒரு வருஷம் தோல்விதான். ரேங்கிங் விழும். சொந்தக்காரர்கள் "என்ன, முன்ன மாதிரி ஜெயிக்கறது இல்லையா?" என்பார்கள். அந்தக் காலத்தைத் தாங்கிப் பிடிக்கிறவர்தான் கோச். அதைத் தானே கடந்து வந்தவர் சொன்னால் பிள்ளை நம்பும், பெற்றவர்களும் நம்புவார்கள். தன் புத்தகத்துக்கே 'மூன்பாலர்' என்று பெயர் வைத்த ஒருவர், உலக ரேங்கிங் 134 வரை போய்ப் பார்த்த ஒருவர், "இது இதுவரைக்கும்தான் உதவும் கண்ணு" என்று சொன்னால் அதற்கு எவ்வளவு எடை இருக்கும்!

சின்னப் பிள்ளைகளுக்கான பயிற்சியே இந்தப் பதினைந்து வருஷத்தில் மாறிவிட்டது. 2012 முதல், பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களின் போட்டியில் சாதாரண மஞ்சள் பந்தை உபயோகிக்கக் கூடாது என்று சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் விதி வைத்திருக்கிறது. சிவப்புப் பந்து, சாதாரணப் பந்தைவிட 75 சதவீதம் மெதுவானது; அதற்கு 11 மீட்டர் நீளக் கோர்ட். ஆரஞ்சுப் பந்து 50 சதவீதம் மெது. கோர்ட் 18 மீட்டர். பச்சைப் பந்து 25 சதவீதம் மெது, முழுக் கோர்ட். காரணம் எளிமையானது. பந்து இடுப்பு உயரத்தில் வந்தால்தான் பிள்ளை சரியான பிடியோடு, சரியான வீச்சோடு அடிக்கப் பழகும். தலைக்கு மேலே வருகிற பந்தைச் சமாளிக்கப் பிடியை மாற்றிக்கொண்ட கை, பிறகு லேசில் திரும்பாது. ஆனால் நம்ம ஊர்ப் பக்கம் இன்றைக்கும் எட்டு வயதுப் பிள்ளையை முதல் நாளே மஞ்சள் பந்தோடு முழுக் கோர்ட்டில் நிறுத்துகிற இடங்களைப் பார்க்கிறேன். பெற்றவர்களே "கலர் பந்து எதுக்குங்க, நிஜப் பந்துல ஆடட்டும்" என்று கேட்பதையும் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். கலர் பந்துதான் அந்த வயதுக்கு நிஜப் பந்து.

இப்போது அந்த 1998 மெல்பர்னுக்கே திரும்பிப் போவோம். அந்தப் போட்டியைப் பற்றி யோசிக்க யோசிக்க ஒரு விஷயம் என்னை ஆச்சரியப்படுத்துகிறது. அந்த வருஷம் மகளிர் பட்டம் வென்றவர் மார்ட்டினா ஹிங்கிஸ், பதினேழு வயது. அவருடைய கோச் அவர் அம்மா, மெலனி மோலிட்டர். செக்கோஸ்லோவாகியாவில் டென்னிஸ் ஆடியவர். மார்ட்டினா நவ்ரத்திலோவாவின் மேலிருந்த மரியாதையில்தான் மகளுக்கு அந்தப் பெயரே வைத்தார். தான் ஆடிய ஆட்டத்தை மகளுக்குக் கற்றுக்கொடுத்து உலகின் முதலிடத்துக்குக் கொண்டு போனார்.

இறுதியாட்டத்தில் ஹிங்கிஸிடம் தோற்றவர் ஸ்பெயினின் கொஞ்சிதா மார்ட்டினெஸ். பின்னாளில் அவரும் கோச் ஆனார். 2017-ல் கார்பினே முகுருசா விம்பிள்டன் ஜெயித்தபோது அவர் பக்கத்தில் கோச்சாக இருந்தது கொஞ்சிதாதான். 2024-ல் இருந்து ரஷ்யாவின் மிர்ரா ஆந்த்ரீவாவுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்தப் பெண் 2025-ல், பதினேழு வயதில், துபாயிலும் இந்தியன் வெல்ஸிலும் பட்டம் வென்றார். அதே 1998 ஆஸ்திரேலியன் ஓப்பனில்தான் செரீனா வில்லியம்ஸ் முதன்முதலாக ஒரு கிராண்ட் ஸ்லாம் பிரதானச் சுற்றில் ஆடினார். இரண்டாவது ரவுண்டில் அக்கா வீனஸிடம் தோற்றார். அந்தச் சகோதரிகளுக்குக் கோச் அப்பாவும் அம்மாவும்.

அந்த டிராவில் இருந்த 128 பேரில் ஒருத்தர் கோயமுத்தூர்ப் பெண். அவரும் கோச் ஆகியிருக்கிறார். ஸ்பெயின்காரர்கள் தங்கள் பெண் சாம்பியன்களைக் கோர்ட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். தேசிய மகளிர் அணிக்குக் கேப்டனாக உட்கார வைத்தார்கள், கொஞ்சிதா உட்பட. நம் நிருபமாவின் அனுபவம் கலிபோர்னியாப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. அவர் அங்கே போனதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அது அவர் குடும்பம், அவர் வாழ்க்கை. பள்ளியில் டென்னிஸ் நன்றாக ஆடினால் கல்லூரியில் இடமும் உதவித்தொகையும் கிடைக்கிற நாடு அது. நம் நாட்டுப் பையன் சோம்தேவ் தேவ்வர்மன்கூட வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2007, 2008 இரண்டு வருஷமும் கல்லூரிச் சாம்பியன் ஆன பிறகுதான் உலகுக்குத் தெரிந்தார். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நல்ல கோச்சுக்கு மரியாதையும் உண்டு, வருமானமும் உண்டு. என் ஆதங்கம் அவர் மேல் இல்லை. அவரை நாம் கேட்கவே இல்லையே என்பதுதான்.

ஏன் கேட்க வேண்டும்? மாயாவைப் பாருங்கள். மாயா ராஜேஸ்வரன் ரேவதி, 2009-ல் பிறந்த கோவைப் பெண். 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த டபிள்யூடிஏ 125 என்ற தொழில்முறை மகளிர் போட்டியில் தகுதிச்சுற்றிலிருந்து வந்து, பதினைந்து வயதில் அரையிறுதி வரை போனார். வழியில் அவர் தோற்கடித்தவர்களில் ஒருவர் ஜரினா தியாஸ், ஒரு காலத்தில் உலகின் முதல் ஐம்பது பேருக்குள் இருந்தவர். அரையிறுதியில் சுவிட்சர்லாந்தின் ஜில் டைக்மனிடம்தான் தோற்றார். அதைத் தொடர்ந்து ஸ்பெயினின் மயோர்காவில் ரஃபேல் நடால் அகாடமிக்குப் பயிற்சிக்குப் போனார். எட்டு வயதில் நம்ம ஊர் கோர்ட்டில் தொடங்கி, இங்கேயே வளர்ந்து, அந்த வாசல் வரை போனார். கோவைக் கோச்சுகளால் முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஆனால் நிருபமாவின் ஆட்டத்துக்கும் மாயாவின் ஆட்டத்துக்கும் நடுவே இருபத்தேழு வருஷம் இருக்கிறது. இவ்வளவு பெரிய இடைவெளி இருந்திருக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

எங்கள் வீட்டுப் பெண்ணும் சாயங்காலம் டென்னிஸ் ஆடுகிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு வெவ்வேறு கோர்ட்டுகளுக்குப் போயிருக்கிறேன். திருப்பூரிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வாரக்கடைசியில் பிள்ளைகளைக் காரிலும் பஸ்ஸிலும் அழைத்து வருகிற பெற்றவர்களோடு பேசியிருக்கிறேன். பத்து வயதில் பெண்பிள்ளைகள் பையன்களுக்குச் சமமாக இருக்கிறார்கள். பதிமூன்று, பதினான்கில் பாதியாகிவிடுகிறார்கள். பதினாறில் ஒருத்தி, இரண்டு பேர். பத்தாம் வகுப்பு ஒரு காரணம், எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வேறு காரணங்களும் உண்டு. மாதவிடாய் நாளில் பயிற்சியை எப்படி வைத்துக்கொள்வது என்று ஆண் கோச்சிடம் கேட்க ஒரு பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு வாய் வருவதில்லை. அவள் பேசாமல் மூன்று நாள் லீவு போடுகிறாள். பிறகு ஐந்து நாள். கோர்ட்டில் உடை மாற்ற ஒழுங்கான அறை இல்லை. வெளியூர்ப் போட்டிக்கு யார் கூடப் போவது என்ற கேள்விக்கு வீட்டில் பதில் இல்லை. "போதும் கண்ணு, படிப்பைப் பாரு" என்று முடித்துவிடுகிறார்கள். இந்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு பெண் கோச் இருந்தால் கதை வேறு. வெளியூருக்கு அவர் ஆறு பெண்பிள்ளைகளை மொத்தமாக அழைத்துப் போகலாம். கேட்க வேண்டியதை அந்தப் பிள்ளைகள் அவரிடம் கேட்கும்.

நான் போன கோர்ட்டுகளில் சொல்லிக்கொடுப்பவர்கள் அநேகமாக ஆண்கள். நல்லவர்கள், திறமைசாலிகள், வெயிலில் உழைக்கிறவர்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்த ஊரில் மாநில அளவிலும் பல்கலைக்கழக அளவிலும் டென்னிஸ் ஆடிய பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கல்யாணமாகி, குழந்தை குட்டியாகி, மட்டையைப் பரணில் போட்டுவிட்டார்கள். அவர்களிடம் யாரும் வந்து "வாரத்துக்கு மூணு நாள் சாயங்காலம் வந்து சொல்லிக்கொடுங்கம்மா, சம்பளம் இவ்வளவு" என்று கேட்பதில்லை. ஆண் கோச்சுக்குக் கொடுக்கிற அதே சம்பளம் என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவைதான். கோவையில் டென்னிஸ் கோர்ட் வைத்திருக்கிற கிளப்புகளே, அகாடமிகளே, நிருபமா அடுத்த முறை இந்தியா வரும்போது ஒரு வாரம் நம்ம ஊருக்கு அழையுங்கள். பொன்னாடை போர்த்தி அனுப்புவதற்காக வேண்டாம். கோர்ட்டில் இறக்கி விடுங்கள், பன்னிரண்டு வயதுப் பெண்களின் ஆட்டத்தை அவர் பார்க்கட்டும், நம் கோச்சுகளோடு உட்கார்ந்து பேசட்டும். வர முடியாவிட்டால் வீடியோவிலாவது பேசட்டும்; கலிபோர்னியாவுக்கும் கோவைக்கும் இப்போது அந்தத் தூரமெல்லாம் ஒரு தூரமா? ஒரு கோர்ட்டுக்கோ ஒரு ஜூனியர் போட்டிக்கோ அவர் பெயரை வையுங்கள். கோர்ட் வாசலில் அந்தப் பெயரைப் படிக்கிற பிள்ளை அவர் யார் என்று கேட்கும்.

பெற்றவர்களுக்கு: 'மூன்பாலர்' கிடைத்தால் வாங்கிப் படியுங்கள், பிள்ளைக்கும் கொடுங்கள். அகாடமியில் சேர்க்கும்போது "பெண் கோச் இருக்காங்களா?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு ஒரு பெண் கோச் இருப்பார்.

ஒரு காலத்தில் ஆடிவிட்டு நிறுத்தின அக்காமார்களே, இதைப் படிக்கிறீர்கள் என்றால், பரணிலிருந்து மட்டையை இறக்குங்கள். நரம்பு போயிருக்கும், மாற்றிக்கொள்ளலாம். இந்த வாரமே உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோர்ட்டுக்குப் போய், "எனக்கு ஆடத் தெரியும், சொல்லிக்கொடுக்க வரட்டுமா?" என்று கேளுங்கள்.